முதல் கைத்தையல் குயில்ட்: காந்தாவா, கவந்தியா, ஒன்பது கட்டமா?

கையால் ஒரு குயில்ட் போர்வை தைக்க ஆசைப்படுபவர்கள் பொதுவாக டிசைனில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நட்சத்திரமா, அறுகோணமா, ஒன்றையொன்று கோத்த கல்யாண மோதிரங்களா என்று படம் படமாகப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்து, துணியை வெட்டிவிடுகிறார்கள். ஊசி மூன்று அடுக்கைத் தாண்டி இறங்க மறுப்பதும், விரல் நுனி புண்ணாவதும், ஆசையாகத் தைத்த போர்வையை மே மாதத்தில் வீட்டில் ஒருவரும் தொடாததும் அப்புறம்தான் தெரியவரும். டிசைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரண்டு துணிகளுக்கும் நடுவில் எதை வைக்கப்போகிறீர்கள் என்பதுதான். ஊசி எவ்வளவு நீளம், நூல் எவ்வளவு தடிமன், தையல் வரிசை எவ்வளவு நெருக்கம், பக்கெட்டில் துவைக்க முடியுமா, நம் ஊர் வெயிலில் போர்த்திக்கொள்ள முடியுமா எல்லாமே அந்த நடு அடுக்கைப் பொறுத்தவை.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே முகப்பு, நடுவில் கதகதப்புக்கான ஏதோ ஒன்று, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடும் ஓட்டுத் தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். துண்டுத் துணிகளை இணைத்து முகப்பைத் தயாரிப்பது ஒட்டுவேலை. அது தனி வேலை. ஒட்டுவேலையே இல்லாத குயில்ட் உண்டு, குயில்ட்டிங்கே இல்லாத ஒட்டுவேலை விரிப்பும் உண்டு. எந்த வகையில் எந்த வேலை அதிகம் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

ஒப்பிட வசதியாக எல்லா வகைக்கும் ஒரே அளவை வைத்துக்கொள்கிறேன்: 45 இன்ச் அகலம், 72 இன்ச் நீளம். ஐந்தரை மீட்டர் புடவையின் நீளத்தை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட இந்த அளவுக்கு வரும். ஒருவர் போர்த்திக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

புடவை மட்டும் இருந்தால்: காந்தா

மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அடுக்கு விலகாமல் முழுக்க ஓட்டுத் தையல் போட்டு எடுப்பது காந்தா. நடுவில் பஞ்சு கிடையாது. நடு அடுக்கும் புடவைதான். தைக்கிற நூலைக்கூட முன்பெல்லாம் புடவைக் கரையிலிருந்துதான் உருவி எடுத்தார்கள். தாமரை, தேர், யானை, மரம் என்று உருவங்கள் நிறைந்த நக்ஷி காந்தாக்களைக் கொல்கத்தா ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும், அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளிருக்கு இன்னும் சில அடுக்கு சேர்த்து, பெரும்பாலும் அலை அலையாகத் தையல் மட்டும் ஓடும் லேப் காந்தாவும் அதே குடும்பம்தான். முதல் முயற்சிக்கு அதுதான் முன்மாதிரி. பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி எல்லாம் இதற்கு நெருங்கிய சொந்தம்.

காந்தாவுக்கு எந்தப் புடவை என்பதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். பலமுறை துவைத்துக் கஞ்சி முழுக்கப் போன மெல்லிய பருத்திப் புடவை முதல் தரம். மல் துணியும் அப்படித்தான். செட்டிநாட்டுக் கண்டாங்கி மாதிரி கனமான புடவை என்றால் ஒரே ஒரு அடுக்குக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் மெல்லியதைப் போடுங்கள். மூன்றும் கண்டாங்கியாக இருந்தால் ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பழைய பட்டுப் புடவை வேண்டவே வேண்டாம். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருக்கும், தைத்த தையலே அதைக் கிழித்துவிடும். சிந்தெடிக் புடவை வழுக்கிக்கொண்டு ஓடும், வியர்வையும் உறிஞ்சாது. பருத்திப் புடவையிலும் கீழ் ஓரத்து ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அங்கங்கே பிடித்து இழுத்துப் பாருங்கள். விட்டுக்கொடுக்கிற இடம் நடு அடுக்குக்குப் போகட்டும். மேலும் கீழும் நல்ல பாகம் வர வேண்டும்.

சாயம் போகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் தேய்த்தால் போதும். அமெரிக்காவில் 1960களில் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியைச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சட்டையில் அது அழகாக இருந்திருக்கலாம். குயில்ட்டில் பக்கத்துத் துண்டெல்லாம் சிவப்பானால் அழுகைதான் வரும்.

வேலை இப்படி: தரையைத் துடைத்து, மூன்று துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் கனமாக எதையாவது வைத்து, நடுவிலிருந்து வெளியே நீவிவிட வேண்டும். பிறகு ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாக இழையோட்டிவிட்டால் அடுக்குகள் நகராது. இந்த இழையைக் கடைசியில் உருவிவிடலாம். தைப்பதற்கு நீளமான மெல்லிய ஊசி, இரண்டு இழை எம்பிராய்டரி நூல். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுக்காமல், துணியை ஊசி முனையில் சின்னச் சின்ன அலையாக ஏற்றிக்கொண்டே போய், ஐந்தாறு தையல் சேர்ந்ததும் ஒரே இழுப்பில் இழுப்பதுதான் காந்தாவின் கைவாகு. இழுத்ததும் துணி லேசாகச் சுருங்கும். அந்த வரிசையை விரலால் ஒருமுறை நீவிவிட்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். காந்தாவின் மேல்பரப்பில் தெரியும் நெளிநெளியான சுருக்கம் இதில்தான் உருவாகிறது. அது குறையில்லை, அதற்காகத்தான் தைக்கிறோம். இரண்டு நெளிவுகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று தங்குவதால் மெல்லிய போர்வைக்கும் ஒரு கதகதப்பு கிடைக்கிறது.

கணக்கு என்ன? அரை இன்ச்சுக்கு ஒரு வரிசை என்றால் 45 இன்ச் அகலத்தில் 90 வரிசை, ஒவ்வொன்றும் 72 இன்ச். மொத்தம் 165 மீட்டர் தையல். கால் இன்ச்சுக்கு ஒன்று என்றால் 330 மீட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் மெல்லிய மூன்று அடுக்கில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும், துணியை மாட்டிப் பிடிக்கும் வளையம் வேண்டாம், அளவு குறிப்பது வேண்டாம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கை தானாக ஓடும். முகப்பு தயாரிக்கும் வேலை என்று ஒன்றுமே இல்லை. சலிப்புத் தட்டுவதுதான் இதில் உள்ள ஒரே ஆபத்து. நாற்பதாவது வரிசையில் நிறுத்திவிடலாமா என்று தோன்றும். அதற்கு வரிசைக்கு வரிசை நூல் நிறத்தை மாற்றிக்கொண்டு போவது நல்ல மருந்து.

துண்டுத் துணி குவிந்திருந்தால்: கவந்தி

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கத்துக் காட்டு ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் வேறு பல வழிகளிலும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கோவாவில் போர்ச்சுகீசியரிடமிருந்து தப்பி மலையேறியவர்களின் வம்சம் இவர்களில் பலர். இந்தச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் போர்வைதான் கவந்தி. எனக்குத் தெரிந்த கைத்தையல் வகைகளிலேயே புதிதாகத் தொடங்குபவர்களை இவ்வளவு மரியாதையாக நடத்தும் முறை வேறு இல்லை.

மற்ற ஒட்டுவேலை முறைகளில் முகப்பை இணைப்பது ஒரு கட்டம், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது இன்னொரு கட்டம், ஓரத்துக்குப் பட்டி வைப்பது மூன்றாவது கட்டம். கவந்தியில் மூன்றும் ஒரே தையலில் முடிந்துவிடும். அடித்துணியாகப் பழைய புடவைத் துண்டை விரித்து, அதன் ஓரத்தை அரை இன்ச் உள்ளே மடித்துக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். கையில் கிடைத்த துண்டின் ஓரத்தை விரலாலேயே மடித்து, அடித்துணியின் மடிப்போடு ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டின் ஓரத்தை மடித்து, முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்துத் தையலைத் தொடர வேண்டும். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும், முதல் வரிசையிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் மிச்சமிருக்கும் இடத்தைக் கடைசித் துண்டால் மூடினால் போர்வை முடிந்தது. ஓரம் முதல் சுற்றிலேயே மடிந்துவிட்டதால் தனியாகப் பட்டி வேண்டாம். அளவெடுத்து வெட்டுவது இல்லை. இஸ்திரிப் பெட்டிகூடத் தேவையில்லை.

கடைசியில் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி ஒரு பூ வைப்பார்கள். பயன் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் பூ வைக்காத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம் சித்திப் பெண்கள். நானும் வைக்காமல் விடச் சொல்ல மாட்டேன்.

தையல்காரரிடம் கிடைக்கும் வெட்டுத்துணி, மிச்சமான பிளவுஸ் பிட், சட்டையின் முதுகுப் பாகம், சுங்குடியின் கிழியாத முந்தானை எல்லாம் இதற்குச் சேரும். சின்னதும் பெரிதும் கலந்திருந்தால்தான் நன்றாக இருக்கும். பனியன் துணி மட்டும் கூடாது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், கை அரிக்கும். இழுபடும் துணியை நெய்த துணியோடு சேர்த்தால் எவ்வளவு நீவினாலும் பையாகத் தொங்கும். ஜீன்ஸ் துண்டும் இதற்கு வேண்டாம், மடித்த ஓரத்தில் ஊசி இறங்காது.

நடு அடுக்கு? வெயில் காலத்துக்கு ஒன்றுமே வேண்டாம், முகப்பும் அடித்துணியும் மட்டும் போதும். குளிருக்கு இடையில் இன்னொரு பழைய பருத்திப் புடவை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது: துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால் பாதி இடங்களில் எப்படியும் மூன்று நான்கு அடுக்கு வந்துவிடும்.

இதன் கஷ்டம் என்னவென்றால், தைத்து முடிக்கும்வரை எப்படி வரப்போகிறது என்று தெரியாது. காகிதத்தில் வரைந்து, நிறம் பிரித்து, திட்டம் போட்டுத் தைப்பவர்களுக்கு முதல் இரண்டு சுற்றும் நரகம். பிரித்துத் தைப்பதும் சுலபமில்லை, ஒரு துண்டை எடுத்தால் அதன் மேல் ஏறிய துண்டுகளும் கூடவே வரும். இன்னொன்று, சுற்றும்போது துணியைத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் அடித்துணி உப்பிப்போய் நிற்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்து, உள்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

பஞ்சு வைத்தே ஆக வேண்டும் என்றால்: ஒன்பது கட்டம்

புசுபுசுவென்று, தையல் ஓடிய இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் தெரிவதைத்தான் பலர் குயில்ட் என்று மனதில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் பஞ்சு வேண்டும். அமெரிக்கப் பாணியில் தொடங்குவதற்கு எளியது ஒன்பது கட்டம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம், அடர் நிறத்தில் ஐந்து, வெளிர் நிறத்தில் நான்கு. மூன்றரை இன்ச் சதுரமாக வெட்டி, கால் இன்ச் தையலுக்கு விட்டு இணைத்தால் ஒவ்வொரு கட்டமும் 9 இன்ச் வரும். நம் 45க்கு 72 அளவுக்கு 40 கட்டம், அதாவது 360 சதுரம். ஒன்று விட்டு ஒன்று வெறும் துணிச் சதுரம் வைத்தால் வேலை பாதியாகிவிடும், 180 சதுரமும் 20 வெறும் கட்டமும் போதும். பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது என்பேன், வெறும் கட்டத்தில் தையல் எடுப்பாகத் தெரியும்.

பஞ்சு விஷயத்தில் நம் ஊரில் முதலில் எழும் யோசனை இலவம் பஞ்சு. மெத்தைக்கும் தலையணைக்கும் அது ராஜா. குயில்ட்டுக்கு ஆகாது. இலவ இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தையலுக்குத் தையல் நகர்ந்து மூலையில் சேரும், மெல்லிய துணியின் இழை இடுக்கில் வெளியே கசியும், துவைத்தால் கட்டி கட்டியாகும். பொம்மைக்கும் தலையணைக்கும் அடைக்கிற உதிரி ரெக்ரான் பஞ்சைப் பரப்பித் தைப்பதும் இதே கதைதான். தேவை ஷீட்டாக வரும் பஞ்சு. பாலியெஸ்டர் ஷீட் லேசானது, ஊசி சுலபமாக இறங்கும், சீக்கிரம் காயும். ஆனால் உடம்பு வேகும். அடர் நிறத் துணியில் மெல்லிய வெள்ளை இழைகள் வெளியே எட்டிப் பார்க்கவும் செய்யும். பருத்தி ஷீட் தட்டையாக, காற்றோட்டமாக இருக்கும். முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கி, போர்வைக்கு ஒரு பழகிய தோற்றத்தைக் கொடுக்கும். ஊசிக்குத்தான் சிரமம். சமவெளியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டும் இல்லை: ஃபிளானல் துணி ஒரு அடுக்கு. துவைத்துச் சுருக்கிவிட்டு நடுவில் வைத்தால் மேடுபள்ளம் லேசாகத் தெரியும், வேர்க்காது, ஊசியும் போகும்.

பஞ்சு உள்ளே வந்துவிட்டால் தைக்கும் விதமே மாறிவிடுகிறது. காந்தா மாதிரி துணியை ஊசியில் அலையாக ஏற்ற முடியாது. இதற்கென்று குட்டையான ஊசி வருகிறது, பிட்வீன்ஸ் என்று கேட்க வேண்டும். 8 முதல் 12 வரை நம்பர். நம்பர் கூடக் கூட ஊசி சின்னதாகும். தொடங்க 8 அல்லது 9. மூன்று அடுக்கையும் 14 இன்ச் மர வளையத்தில் மாட்டி, முரசு மாதிரி இறுக்காமல் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். தைக்கிற கையின் நடுவிரலில் அங்குஸ்தான் என்ற விரலுறை, அதன் குழியில் ஊசியின் பின்முனை. ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். வளையத்துக்கு அடியில் காத்திருக்கும் மற்ற கையின் விரல் நுனியில் முனை பட்ட அந்த நொடியே, கீழ் விரல் மேல்நோக்கித் தள்ள வேண்டும், மேலே கட்டைவிரல் ஊசிக்கு முன்னால் துணியை அழுத்த வேண்டும், நடுவிரல் ஊசியைப் பின்னால் சாய்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாக நடந்தால் ஊசி முனை மேலே எட்டிப் பார்க்கும். மறுபடி நிமிர்த்தி இறக்கு, சாய்த்து ஏற்று. மூன்று நான்கு தையல் ஏறியதும் இழுக்கலாம். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. நூலை லேசாகச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி 'டப்'பென்று பஞ்சுக்குள் போய் உட்காரும். அந்தச் சத்தம் கேட்பதற்காகவே இந்த முறையை விடாமல் தைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கைதேர்ந்தவர்கள் இன்ச்சுக்கு 8 முதல் 10 தையல் போடுவார்கள், மேலே தெரிவதை மட்டும் எண்ணினால். புதியவர்களுக்கு ஐந்தே நல்ல எண்ணிக்கை. சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு முக்கியம். விரல் வலிக்குப் பயந்தால் தடித்த பருத்தி எம்பிராய்டரி நூலில், கால் இன்ச் நீளத்துக்குப் பெரிய தையலாகப் போடலாம். இப்போது நிறையப் பேர் விரும்பியே அப்படித்தான் தைக்கிறார்கள்.

இங்கேதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. ஷீட் பஞ்சு தானாகவே சேர்ந்து நிற்பதால் நெருக்கமான தையல் வேண்டாம். மூன்று இன்ச்சுக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்கும் போட்டால் மொத்தம் 55 மீட்டர்தான். காந்தாவில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இதன் ஒரு மீட்டர் எடுக்கும் நேரத்தில் காந்தாவில் சில மீட்டர் ஓடிவிடலாம். முகப்பை இணைக்கும் வேலையும் இழையோட்டும் வேலையும் பட்டி வைக்கும் வேலையும் இதற்கு மேல். பஞ்சு வைத்ததால் வேலை குறைகிறது என்று நினைத்து இறங்குபவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடித்துணிக்கு ஈரோட்டில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய காடா துணி போதும், முதலில் வெந்நீரில் அலசிவிட்டு. மெத்தை விரிப்பை அடித்துணியாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நெருக்கமாக நெய்த விரிப்பு என்றால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசி முனங்கும்.

ஒட்டுவேலை என்றாலே கச்சிதமான சதுரம் என்று நினைப்பவர்கள் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவு ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்தவற்றைப் பார்க்க வேண்டும். கிழிந்த வேலை உடுப்பு, முழங்கால் வெளுத்த ஜீன்ஸ், கோணல்மாணலான பட்டைகள். 2002ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைத்தார்கள். 2006ல் அமெரிக்கத் தபால் துறை தபால்தலையே வெளியிட்டது. மூலைகள் சரியாகச் சேரவில்லையே என்று பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் குயில்ட்டுகளை ஒரு பார்வை பார்த்தாலே கை லேசாகிவிடும்.

துக்கடா நேரம் மட்டும் கிடைத்தால்: அறுகோணம்

தேன்கூடு மாதிரி அறுகோணத் துண்டுகள் சேர்ந்த குயில்ட்டுக்குக் காகிதம்தான் ஆதாரம். கெட்டிக் காகிதத்தில் அறுகோணம் வெட்டி, அதன் மேல் துணியை மடித்து இழையோட்டி, இரண்டு அறுகோணங்களின் விளிம்புகளைச் சேர்த்து நுணுக்கமாக விளிம்புத் தையல் போட்டு இணைப்பார்கள். பிறகு காகிதத்தை உருவிவிடலாம். இங்கிலாந்தில் 1718 என்று வருடம் பொறித்த பட்டு விரிப்பு ஒன்று இருக்கிறது, அதுவும் காகிதத்தின் மேல் தைத்து இணைத்ததுதான். அமெரிக்காவில் 1920, 30களில் பாட்டியின் பூந்தோட்டம் என்ற பெயரில் அறுகோணப் பூக்கள் வீட்டுக்கு வீடு பூத்தன.

கைப்பையில் அடங்கும், ரயிலில் தைக்கலாம், பிள்ளை பாட்டு வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்து நாலு துண்டு முடிக்கலாம். இதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் பக்கத்துக்கு 1 இன்ச் உள்ள அறுகோணத்தின் பரப்பு இரண்டரை சதுர இன்ச்சைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 45க்கு 72 போர்வைக்குச் சுமார் 1,250 துண்டு வேண்டும். அத்தனையும் இணைத்த பிறகு கையில் இருப்பது முகப்பு மட்டும். குயில்ட்டிங் இனிமேல்தான். எனவே இதை முதல் போர்வையாக யாருக்கும் சொல்ல மாட்டேன். 18 இன்ச் திண்டு உறையாகச் செய்தால் சுமார் 125 துண்டில் முடிந்துவிடும், கையும் பழகிவிடும்.

மற்றவை

ஒரே துணியில் தையலாலேயே டிசைன் வரைவது முழுத்துணி குயில்ட். வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் பிரான்ஸின் புரோவான்ஸிலும் இதில் கரைகண்டவர்கள் இருந்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த சிசிலிக் குயில்ட் ஒன்று லினன் துணியில் கதையையே சொல்கிறது. கோணல் தையல் ஒளிய இடமே இல்லாத வகை இது, கை தேறிய பிறகு வாருங்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டைகளை அடுக்கும் லாக் கேபின் பார்க்க எளிது. ஆனால் தையல் மடிப்புகள் அதிகமாக இருப்பதால் அதன் மேல் கையால் குயில்ட் செய்வது ஊசிக்குப் போராட்டம். பழைய காலத்தில் பலர் அங்கங்கே முடிச்சுப் போட்டு விட்டுவிட்டார்கள். பட்டும் வெல்வெட்டும் கலந்த கிரேஸி குயில்ட் 1880களின் அமெரிக்க மோகம். வரவேற்பறையில் விரித்து வைக்கத்தான், போர்த்திக்கொள்ள இல்லை. ஜெய்ப்பூர் ரஜாயில் உதிரிப் பஞ்சை மெல்லிய சீராகப் பரப்புவதே பரம்பரைத் தொழில், அதை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உருவங்களை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் நமக்குப் புதிதில்லை. தேரில் தொங்கும் தொம்பைகள் அந்த வேலைதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கலம்காரித் துணிகளில் இருந்த பறவைகளையும் பூக்களையும் இங்கிலாந்தில் சுற்றி வெட்டியெடுத்துக் குயில்ட்டில் வைத்துத் தைத்தார்கள். இந்தியச் சாயத் துணி உள்ளூர் நெசவைக் கெடுக்கிறது என்று 1721ல் அங்கே அதை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடைச் சட்டமே வந்தது. கதை ருசியானது, வேலை நுணுக்கமானது. முதல் குயில்ட்டுக்கு ஒரே ஒரு பூ வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

யாருக்கு எது

சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற வீடு என்றால் பஞ்சை மறந்துவிடுங்கள். அலமாரியில் பழைய பருத்திப் புடவை இருந்தால் காந்தா. புடவை இல்லாமல் துண்டுத் துணிதான் இருக்கிறது என்றால் கவந்தி. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்றாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். மெல்லியதாக இருக்கும், அடிக்கடி துவைக்கலாம், உள்ளே உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்கான கவந்தியில் மூலைப் பூவை இறுக்கமாகத் தைத்துவிடுங்கள், வாயில் வைத்து இழுக்கும். கைக்குழந்தை தூங்கும்போது போர்த்திவிடாமல், கீழே விரிக்கவும் விழித்திருக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளவும் பயன்படுத்துவது நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு, இரவு முழுக்க ஏசி ஓடும் அறை, குளிர் நாட்டில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பும் பரிசு: இவற்றுக்கு ஒன்பது கட்டமும் பஞ்சு ஷீட்டும் பொருத்தம். துவைப்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காந்தாவைப் பக்கெட்டில் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டால் வெயில் நாளில் மாலைக்குள் காய்ந்துவிடும். பருத்திப் பஞ்சு வைத்தது நனைந்தால் ஒருவரால் தூக்க முடியாது, கொடியில் போட்டால் எடையே தையலை இழுத்துவிடும். மொட்டைமாடியில் பழைய விரிப்பின் மேல் படுக்கவைத்துத்தான் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் அது இரண்டு நாள் வேலை, பஞ்சு உள்ளே ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடித்த வாடை வந்துவிடும்.

கண்ணில் சிரமம் இருப்பவர்களுக்குக் காந்தாவின் நீளமான ஊசியும் இரண்டு இழை நூலும் நல்லது. மணிக்கட்டு, கட்டைவிரல் வலி இருப்பவர்கள் பஞ்சு வைத்த ஊசி வேலையைத் தள்ளிப் போடுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்குக் கவந்தி சற்றுக் கஷ்டம், ஆனால் சாப்பாட்டு மேசை இருந்தால் சமாளிக்கலாம். கோடு போட வேண்டியவர்கள் கடையில் பேனா தேட வேண்டாம். கரைந்து தேய்ந்த குளியல் சோப்பைக் காயவைத்தால் மெல்லிய விளிம்போடு நிற்கும், அடர் நிறத் துணியில் அழகாகக் கோடு விழும், முதல் துவைப்பில் போய்விடும்.

அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், உங்கள் துணியிலேயே ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு மாதிரி தைத்துப் பாருங்கள். ஒன்று மூன்று அடுக்குப் புடவை, இன்னொன்று நடுவில் ஃபிளானல் அல்லது பஞ்சு ஷீட். ஒவ்வொன்றிலும் பத்து வரிசையாவது தையுங்கள். இரண்டையும் துவைத்துக் காயவைத்து, ஒரு ராத்திரி கழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலையில் எது நெஞ்சின் மேல் இருக்கிறது, எது கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு மீதித் துணியை வெட்டுங்கள்.